ஒட்டிக்கொண்ட செல்கள்

சின்னவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் குட்டி போட்ட பூனை மாதிரி மைக்ராஸ்கோப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மூன்றாவது முறையும் செய்து பார்த்தாயிற்று. நல்ல முட்டியின் தட்டில் பதினெட்டுச் செல் கூட்டம், தேய்ந்த முட்டியின் தட்டில் இருபது. போன மாதம் தேய்ந்ததில் அறுபத்திரண்டு எண்ணினாளே, அதெல்லாம் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. இருந்தால்தானே போவதற்கு.

வேலை இதுதான்: ஆபரேஷனில் யார் யாரிடமிருந்தோ எடுத்த முட்டிக் குருத்தெலும்பைக் கரைத்து, அதன் செல்களைத் தட்டில் ஊற்ற வேண்டும். இருபது நிமிடத்துக்குள் அடியில் ஒட்டிக்கொள்பவைதான் புதுக் குருத்தெலும்பை வளர்க்கக்கூடிய ஸ்டெம் செல்கள். மற்றதைக் கழுவிக் கொட்டிவிட்டு, ஒட்டியவை கூட்டம் கூட்டமாகப் பெருகியதும் எண்ண வேண்டும். போன மாதம் நல்ல முட்டியை மணி பார்த்துக் கழுவினாள். தேய்ந்த முட்டியின் முறை வந்தபோது அம்மாவின் போன். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு முட்டி வலியில் அழுதாள் அம்மா. பேசிவிட்டு வந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் வேலைக்கு ஆகாததெல்லாம் சாவகாசமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று, பரவாயில்லை என்று கழுவி வைத்தவளும் இவள்தான். மகா கெட்டிக்காரி!

அதோடு நின்றிருந்தால் கணக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இவளைப் பார்த்துச் சொன்னதுதான். எண்ணிய கையோடு வீட்டுக்கு ஓடி, "தேஞ்ச முட்டியிலதாம்மா மூணு மடங்கு இருக்கு, அதையே வளர வைக்கலாம்" என்று சொல்லித் தொலைத்தாள். மறுநாளே அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து முட்டி மாற்று ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டாள்.

மத்தியானமே கிளம்பினாள் சின்னவள். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் அம்மா ஒரு நாற்காலியைத் தள்ளித் தள்ளி, அதைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் எண்ணினது தப்பு."

"எது?"

"தேஞ்ச முட்டியில மூணு மடங்கெல்லாம் இல்ல. இருக்கிறதுலயும் பாதி கொஞ்ச நாள்ல வளராம நின்னுடுது. நீ ஆபரேஷன் பண்ணிக்கணும்மா. தப்பு என் மேலதான்."

அம்மா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நீ சொன்னதுல பாதி எனக்குப் புரியவே இல்லடி. மயக்க மருந்து குடுத்தா முழிக்காமப் போயிடுவேனோன்னு பயம். நீ ஏதோ சொன்னே, கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்."

சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பழைய தேதி வேறொருவருக்குப் போய்விட்டதாம். கெஞ்சிப் பார்த்தாள், அங்கிருந்த பெண் மறுபடி பார்த்துவிட்டு அதே பதிலைச் சொன்னாள்.

"எப்பவாம்?" என்றாள் அம்மா.

சீக்கிரம்தான் என்று பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"ஏழு மாசம் ஆகுமாம், அம்மா."

அம்மா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"நாளைக்குன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போயிடுவேன்டி. ஏழு மாசம் எப்படி தைரியமா இருக்கிறது?"