கூடை நிறைய ஒரே வாக்குத்தத்தம்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஜெபவீட்டில் கூடை சுற்றி வரும். கண்ணை மூடிக்கொண்டு பைபிள் வசனம் எழுதிய ஓர் அட்டையை எடுத்து, எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அந்த ஆண்டு முழுக்க அதுதான் கடவுள் நமக்குத் தரும் வாக்குத்தத்தம்.

போன ஆண்டு என்னோடு வேலை செய்யும் ட்ரிஃபோனுக்கு வந்தது, அவன் கால் கல்லில் இடறாமல் தேவதூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்பது. எங்களுக்குப் பிழைப்பே பளிங்குக் குவாரியில். கோடையில் மேல்தட்டிலிருந்து விழுந்தான். எலும்பு கூடிவிட்டது, ஆனால் மேல்தட்டுக்கு ஏறும் ஏணியில் மூன்றாவது படியோடு கால் நின்றுவிடுகிறது. வரும் திங்கட்கிழமை ஏறாவிட்டால் மேல்தட்டு வேலை வேறொருவனுக்கு என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"தூதர்களுக்கு அன்னிக்கு லீவு போல. இனிமே கூடைக்குள்ள கைவிட மாட்டேன்" என்று கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான். இந்த ஆண்டு அட்டைகளை எழுதியது அவன் மனைவி சவேத்தா.

கூடை முதலில் என்னிடம் வந்தது. 'பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன்.' அடுத்தது கிரேன் ஓட்டும் நிக்கிஃபோர். குவாரியிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான். அட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"பயப்படாதேன்னு வந்திருக்கு. கர்த்தருக்கு எப்படித் தெரிஞ்சுது? கேபின்ல ஏறும்போதெல்லாம் எனக்குத் தொடை நடுங்கும்."

பாஸ்டர் ஒனிசிம் எடுத்தார். அதே வசனம். "எனக்கும் பிரசங்கத்துக்கு முன்னாடி ஓடிப் போயிடலாமான்னு தோணும்" என்று முனகினார். நான்காவது அட்டையும் அதுவே என்றதும் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சவேத்தா கூரையைப் பார்த்தாள்.

"ஏண்டி, கூடை பூரா ஒண்ணையே எழுதி வச்சிருக்கியா?" என்றான் ட்ரிஃபோன்.

"நீ எதை எடுப்பேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"அப்போ இது கடவுள் சொன்னதில்ல, நீ சொன்னது."

"யார் எழுதினா என்னப்பா, எனக்குச் சரியாத்தானே வந்திருக்கு" என்றார் பாஸ்டர்.

ட்ரிஃபோன் நிக்கிஃபோரிடம் திரும்பினான். "நெசமாவே நடுங்குமாடா?"

"இப்பக்கூட நடுங்குது."

"அந்தக் கிரேனுக்குக் கீழயாடா நான் இத்தனை நாள் நின்னேன்!"

ஜெபவீடே சிரித்தது. விழுந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கூடையில் கையை விட்டு, எடுத்து, வாசித்தான். போன ஆண்டு வசனத்தில் கல்லைத்தான் பார்த்தான். இதில் கல்லே இல்லை, கல்லைக் கண்டு நடுங்குகிறவன்தான் இருந்தான்.

ஓர் அட்டை மிஞ்சியது.

"நீயும் படி" என்றான் ட்ரிஃபோன் சவேத்தாவிடம்.

"அதான் என்னன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"முறைன்னா முறை."

எழுந்து நின்றாள். "பயப்..." அதற்குமேல் வாசிக்காமல் அட்டையைத் தாழ்த்தினாள். மறுபடி அவனை மேலே அனுப்பப் போகிறவள் அவள்தானே. ட்ரிஃபோன் அட்டையை வாங்கி அவளுக்காக வாசித்தான்.

திங்கட்கிழமை மூன்றாவது படியில் நின்றான். ஜெபவீட்டில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னான். பிறகு கிரேனைப் பார்த்துக் கத்தினான்.

"டேய் நிக்கிஃபோர், நடுங்குதா?"

"நடுங்குதுடா!"

"எனக்கும்!" என்று நான்காவது படியில் கால் வைத்தான்.