மூன்று லென்சுக்கு ஒரு ஹோல்டர்

செப்டம்பர் 9, செவ்வாய்

மூன்று பேரும் சேர்ந்து ஒரு சதுர ஃபில்டர் ஹோல்டர் வாங்குவது என்று இன்று வகுப்பில் முடிவானது. எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கேட்கவில்லை. "நோட்டுப் போட்டு எழுதுற ஆளு நீதானடி ரூத்து" என்று திவ்யா சொல்லிவிட்டாள்.

அந்த மூன்று பேர் நான், திவ்யா, சுருளி அண்ணன். நான் பகலில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறேன். திவ்யா ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். சுருளி அண்ணன் சமயநல்லூரில் பதினைந்து வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். "எடுக்கத் தெரியும், ஏன் அப்படி எடுக்கணும்னு தெரியாது. அதுக்குத்தான் வாரேன்" என்பார். செவ்வாய், வியாழன், சனி மாலை ஆறரை முதல் எட்டு வரை புகைப்பட வகுப்பு.

மூவரில் அவசரம் எனக்குத்தான். வில்லாபுரத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் அடுத்த ஆண்டு காலண்டருக்குக் கோயில் படம் எடுக்க என்னைச் சொல்லியிருக்கிறார்கள். மகளிர் குழுத் தலைவி தங்கம் டீச்சர்தான் என் பெயரைச் சொன்னார். அப்பா, கோயில் காரியங்களை முடிவுசெய்யும் பங்குப் பேரவையின் செயலர். அவர் வீட்டுக்கு வந்து ஒரு நிபந்தனை சொன்னார். படம் பேரவையில் எடுபட்டால் அடுத்த ஆறு மாதமும் புகைப்பட வகுப்புக்குப் போகலாம். எடுபடாவிட்டால் அதே மூன்று மாலைகளிலும் வங்கித் தேர்வுப் பயிற்சி. அதற்கான விண்ணப்பம் ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. அப்பா சொன்னால் சொன்னதுதான்.

நேற்றுக் காலை கோயிலை ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். வானத்துக்கு ஏற்றபடி வைத்தால் கோயில் இருண்டது. கோயிலுக்கு ஏற்றபடி வைத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாள். இதைச் சரிசெய்ய ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி தெளிவு. லென்ஸில் ஒரு வளையத்தைத் திருகி, அதில் ஹோல்டரை மாட்டி, ஹோல்டரில் உள்ள காடி என்ற பள்ளத்தில் இந்தக் கண்ணாடியைச் செருக வேண்டும். கறுப்புப் பாதி வானத்தின் பிரகாசத்தைக் குறைக்கும்.

செப்டம்பர் 11, வியாழன்

லென்ஸ் அளவு கேட்டிருந்தேன். திவ்யா கடை இஞ்சு டேப்பால் அளந்து, "ரெண்டே முக்கா இஞ்சு" என்றாள்.

சுருளி அண்ணன் விடுவாரா? "லென்சுக்கு ஜாக்கெட்டா தைக்கப் போற?"

"அளவு கேட்டா அளந்துதானண்ணே சொல்லணும்."

லென்ஸ் விளிம்பிலேயே எண் இருக்கும் என்று காட்டினேன். அவளுடையது 67 மில்லிமீட்டர். என்னுடையது 58. சுருளி அண்ணனின் அகன்ற லென்ஸ் 82. எனக்கும் இது போன மாதம்தான் தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

ஆளுக்கு ஒரு வளையம், மூவருக்கும் பொதுவாக ஒரு ஹோல்டர், ஒரு கண்ணாடி. அதுதான் ஏற்பாடு. 75 மில்லிமீட்டர் அகல ஹோல்டர் சின்னது, என் பைக்குள் அடங்கும். 100 மில்லிமீட்டர் பெரியது. சின்னதை அண்ணனின் அகன்ற லென்ஸில் மாட்டினால் படத்தின் நாலு மூலையிலும் ஹோல்டரே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் திவ்யாவுக்கும் சின்னது போதும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவருக்குச் சரியாக இருந்தால் எல்லோருக்கும் சரியாக இருக்கும் என்று எழுதிவைத்தேன். இது சரியான காரணமா, அவர் வயதில் பெரியவர் என்பதால் எழுதினேனா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13, சனி

பதினோரு வரி அட்டவணை போட்டேன். ஹோல்டர் உலோகமா பிளாஸ்டிக்கா, எத்தனை காடி, எவ்வளவு எடை, வளையம் சிக்கிக்கொண்டால் கழற்ற முடியுமா என்று எல்லாம் அதில் இருந்தது. சுருளி அண்ணன் இரண்டு வரி படித்தார்.

"தங்கச்சி, கல்யாண வீட்டுல நான் இம்புட்டு யோசிச்சா தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, பாத்திரமும் கழுவிருவாங்க."

உலோகத்தில் 100 என்று முடிவாயிற்று. அடுத்தது கண்ணாடி. அதில் இரண்டு வகை. ஒன்றில் கறுப்பு பட்டென்று ஒரு கோட்டில் முடியும். அதற்கு ஹார்டு என்று பெயர். மற்றதில் கறுப்பு மெல்ல மெல்லக் கரையும். அது சாஃப்ட். ஒன்றுதான் வாங்க முடியும். நான் படித்த எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே விஷயம்தான் இருந்தது. தட்டையான நிலத்துக்கு ஹார்டு, மலைப் பகுதிக்கு சாஃப்ட். நாகமலைப் பக்கம் திரும்பாத வரை நம்மைச் சுற்றி எல்லாம் தட்டை நிலம்தான். ஹார்டு என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்றுப் பார்சல் வந்தது. பூசை முடிந்ததும் சமயநல்லூர் போனேன். சுருளி அண்ணன் எங்கள் இருவரையும் அவருடைய அண்ணன் வயலுக்குக் கூட்டிப்போனார். நாற்று நட்டு ஒரு வாரமான வயல். தூரத்தில் ரயில் பாதை மேடு கோடு கிழித்த மாதிரி இருந்தது. கண்ணாடியை அந்த மேடு வரை இறக்கினேன். மேகமும் நாற்றும் இரண்டும் ஒரே படத்தில் கண்ணில் பார்க்கிறபடியே வந்தன.

"ஆத்தாடி" என்றாள் திவ்யா.

"அட்டவணை போட்டா இப்படித்தான் வரும் போல" என்றார் அண்ணன். அவர் கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. வீட்டுக்கு வரும்வரை அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

படம் ஏற்கப்படவில்லை.

நேற்று விடியற்காலை கோயிலை எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் வானம் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அது அவ்வளவு நன்றாக இருந்தது. இன்று பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்தில் பேரவையினர் முன் மடிக்கணினியை மேசைமேல் வைத்துத் திறந்தேன்.

பொருளாளர் பெனடிக்ட் மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "வானம் அள்ளுது. ஆனா சிலுவை ஏம்மா கருப்பா இருக்கு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கண்ணாடியில் கறுப்பு முடியும் கோடு கோயிலின் கூரை உயரத்தில் நின்றிருந்தது. கூரைக்கு மேல் இருந்த எல்லாமே இருண்டுவிட்டது. கோபுரத்தின் மேல் பாதியும் உச்சியில் இருக்கும் சிலுவையும் அதில் சேர்த்தி. கீழே வெள்ளைக் கோபுரம், மேலே சாம்பல் கோபுரம்.

"பெரிய வாரத்துல துணி போட்டு மூடுன மாதிரில இருக்கு" என்றார் தங்கம் டீச்சர்.

தவக்காலத்தின் கடைசி நாட்களில், இயேசு இறந்த பெரிய வெள்ளியை ஒட்டி, சிலுவைகளை ஊதாத் துணியால் மூடிவைப்போம். டீச்சர் சொன்ன பிறகு படத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

"இதை மாட்டுனா வருஷம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் வீட்டுல பெரிய வெள்ளிதான்" என்றார் பெனடிக்ட் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பேரவைக் குறிப்பேட்டில், 'படம் ஏற்கப்படவில்லை. அக்டோபர் 5க்குள் வேறு படம் தராவிட்டால் சென்ற ஆண்டுப் படமே' என்று எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். நவம்பர் திருவிழாவுக்கு வர்ணம் பூச, அக்டோபர் 6 அன்று கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுகிறார்கள். ஆக, இன்னும் ஒரு வாரம்.

வீட்டில் கணினியில் சிலுவையை மட்டும் வெளுக்க முயன்றேன். அதைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஒரு வளையம் வந்தது. அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். மூவரும் சேர்ந்து வாங்கிய பொருள். வகுப்புக்கு முன் டீக்கடையில் சொன்னேன். தட்டை நிலம் என்று நினைத்து ஹார்டு வாங்கினேன், நான் எடுக்க வேண்டியதோ கோபுரம்.

திவ்யா என் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். "பதினோரு வரில எல்லாம் இருக்கு. கோயில் எங்கடி இருக்கு?"

நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சாஃப்ட் கண்ணாடி வர எட்டு நாள் ஆகுமாம். ஐந்து நாள்தான் இருக்கிறது. வந்தாலும் கோபுரம் மெல்ல மெல்ல இருளும், அவ்வளவுதான்.

"சாயங்காலம் எடுத்தா என்ன?" என்று கேட்டார் அண்ணன். மேற்கே உள்ள நாலு மாடி வீட்டின் நிழல் நாலு மணிக்கே கோயில் முகப்பில் விழுந்துவிடும் என்றேன். இந்த வாரம் மாலையில் இடியும் மழையும் வேறு.

"அப்ப காலைலதான். ஹோல்டரை நீயே வச்சிரு. எனக்கு இந்த வாரம் வேலை ஒண்ணுமில்ல" என்றார். அவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா இருப்பது எனக்குத் தெரியும்.

அக்டோபர் 4, சனி

ஐந்தே முக்காலுக்கெல்லாம் திவ்யா ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். கடைக்குப் போக வேண்டிய சேலையிலேயே வந்திருந்தாள். நேற்று இரவு மழை பெய்து வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. கோயில் தெற்குப் பார்த்தது. கோபுரம் முகப்பின் கிழக்கு ஓரத்தில் நிற்கிறது. முன்னால் நின்று பார்த்தால் கோயில் இடப்பக்கம், கோபுரம் அதன் வலப்பக்க விளிம்பு. அதற்கும் வலப்பக்கம் சுற்றுச்சுவர், ஒரு வேப்ப மரம், சூரியன் வரும் வானம்.

ஆறு மணிக்கு மேல் இருபது நிமிடம்தான் வெளிச்சம் சரியாக இருக்கும். கண்ணாடியை இறக்கினால் சிலுவை இருண்டது. ஏற்றினால் வானம் வெளுத்தது. பாதியில் நிறுத்தினால் கோபுரத்தின் குறுக்கே ஒரு பட்டை. கோணத்தையும் உயரத்தையும் எழுதி எழுதி ஏழு படம் எடுத்தேன். ஏழும் உதவாது. கண்ணாடியில் விரல் ரேகை பட்டுவிட்டது. அதைத் துடைக்க உருவி எடுத்தேன். துணி கீழே விழுந்தது.

"குடு, நான் துடைக்கேன்" என்று திவ்யா வாங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். எனக்குப் பதறியது. துடைத்துவிட்டு, எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி அதை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "அம்புட்டும் நல்லாத்தானடி தெரியுது. உனக்கு மட்டும் என்ன?"

அவள் பிடித்திருந்தது பக்கவாட்டில். கறுப்புப் பாதி வலக்கைப் பக்கம் இருந்தது.

நான் அவள் பின்னால் போய் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கறுப்பு, கோபுரத்தின் வலப்பக்க விளிம்போடு நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் வானம் மட்டும் அடங்கி நீலமாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் கோபுரமும் சிலுவையும் வெள்ளையாகவே இருந்தன. கோயில் கூரைக்கு மேலே உள்ள வானம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம், அதற்குக் கறுப்பே தேவையில்லை.

"அசையாதடி."

"ஏன், பாம்பா?"

ஹோல்டர் வளையத்தின்மேல் சுற்றும். அது எனக்குத் தெரியும். ஆனால் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஹோல்டரைக் கால் சுற்றுச் சுற்றி, கண்ணாடியைப் பக்கவாட்டில் செருகினேன். கேமராவைச் சற்று மேல் நோக்கி வைத்திருந்ததால் கோபுரம் மேலே போகப் போக உள்பக்கம் லேசாகச் சாய்ந்து தெரிந்தது. ஹோல்டரையும் அந்த அளவுக்குச் சாய்த்தேன். கோபுர விளிம்பு நேர்கோடு. அதன்மேல் கண்ணாடியின் நேர்கோடு. சாஃப்ட் வாங்கியிருந்தால் கோபுரத்தின் பாதிவரை இருள் கசிந்திருக்கும். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வேறு காரணத்துக்காக வாங்கிய பொருள் இங்கே பொருந்தியது.

வேப்ப மரம் கொஞ்சம் இருண்டது. பரவாயில்லை. பதினான்கு படம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கி முதலில் சிலுவையைத்தான் பார்த்தேன். வெள்ளை.

அக்டோபர் 5, ஞாயிறு

அதே அலுவலகம், அதே மேசை. அவர்கள் குனிந்து பார்க்கும்போது, படத்தில் இருக்கக்கூடிய நாலு குறைகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சிலுவை பளிச்சுனு இருக்கு" என்றார் தங்கம் டீச்சர்.

"கோபுரம் நடுவுல இல்லையே" என்றார் பெனடிக்ட் மாமா. "வலது பக்கம் எம்புட்டு இடம் சும்மா கிடக்கு."

அந்த இருண்ட வானத்தில்தான் பங்கின் பெயரை வெள்ளை எழுத்தில் போடலாம் என்றேன். போன வருடம் கூரைமேல் எழுத்து ஏறி ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை என்றும் சொன்னேன். அந்தக் காலண்டரை அச்சடித்து வாங்கி வந்தவர் பெனடிக்ட் மாமாதான் என்பது சொன்ன பிறகே நினைவு வந்தது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது உண்மைதான். என் வீட்டுக்காரி இன்னமும் சொல்லிக் காட்டுறா. சரி, இதையே போடுவோம்."

அப்பா, 'படம் ஏற்கப்பட்டது' என்று எழுதினார். எழுதி முடித்ததும் வழக்கம்போல அடியில் இரண்டு கோடு.

நடந்தே வீடு திரும்பினோம். ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் பேசினார். "அடுத்த பருவ வகுப்பு எப்ப ஆரம்பிக்குது?"

"நவம்பர் நாலுப்பா."

"போ. நான் சொன்னது சொன்னதுதான்." ரயில் கடந்து போனதும் தொடர்ந்தார். "சனிக்கிழமை மட்டும் பேங்க் கிளாஸுக்குப் போயிட்டு வா. செவ்வாயும் வியாழனும் உன் பாடு."

சொன்னது சொன்னதுதான் என்றால் மூன்று மாலையும் அல்லவா என்று கேட்க நினைத்தேன். கேட்டேன் என்பதுதான் இன்று எழுத வேண்டிய செய்தி. "மூணு நாளுன்னுதானப்பா சொன்னீங்க?"

கேட் திறந்தது. வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. அப்பா சிரித்த மாதிரி இருந்தது. "செயலர் மகள்ல, அப்படித்தான் கேப்ப. ஆறு மாசம் ரெண்டையும் பாரு. பெறகு நீயே சொல்லு, எது வேணும்னு."

சரி என்றேன். இழந்தேனா ஜெயித்தேனா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். இரண்டு மாலை என்னுடையது. ஆறு மாதம் கழித்துச் சொல்லப்போவதும் நான்.

அக்டோபர் 7, செவ்வாய்

டீக்கடையில் இருவரிடமும் சொன்னேன். திவ்யா, தன் சேலைத் தலைப்பால்தான் படம் வந்தது என்று கடைக்காரர்வரை சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.

சுருளி அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "அப்ப அடுத்த மாசத்துல இருந்து சனிக்கிழமை நீ வர மாட்டியா?"

"இல்லண்ணே."

"அப்ப சனிக்கிழமைக்கு ஹோல்டரு எங்கிட்ட இருக்கட்டும். ஐப்பசி பூராம் முகூர்த்தம் கிடக்கு."

"யாருக்கு எந்த நாளுன்னு ஒரு அட்டவணை போட்டுக் கொண்டு வாரேண்ணே."

"எழுத வேணாம் தாயி. குடு."

பையிலிருந்து எடுத்து, அவருடைய 82 வளையத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.