கக்கூஸ் சுவரோரம் நாலு டிகிரி குறைவு

ரீனாவின் கம்ப்யூட்டருக்கு மரியாதை தெரியாது. மும்பை தாராவியின் சந்து பொந்து, தகரக் கூரை, கட்டட உயரம், காற்று வரும் திசை எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றி, வெப்ப அலை அடிக்கும் மே மாதப் பிற்பகலில் எந்த இடம் குளுமை என்று கேட்டாள். பொதுக் கக்கூஸின் வடக்குச் சுவரோரம் என்றது.

நகரத்து வெப்பத்தை ஆராயும் செம்பூர் ஆபீஸில் அவளுடைய மேலதிகாரி சுரேந்திரன் முகம் சுளித்தார். "இன்னொரு தடவை ஓட்டிப் பாரும்மா. கோயில், சர்ச்சுன்னு ஏதாவது வரும்."

மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் கக்கூஸ்தான். சுற்றுப்புறத்தைவிட நாலு டிகிரி குறைவு.

சரிபார்க்க வெப்பமானியோடு நேரில் போனாள். அங்கே அந்தச் சந்தில் குடியிருக்கும் பேராச்சியும் இன்னும் நாலு பெண்களும் காலை நீட்டிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே மாஹிம் கடல் பக்கமிருந்து காற்று சந்துக்குள் சிலுசிலுவென்று வந்தது. கணக்கு துல்லியம். கம்ப்யூட்டருக்கு மூக்கு கிடையாது, அவ்வளவுதான்.

"அக்கா, இந்த எடத்த ரிப்போர்ட்ல எழுதப் போறேன்."

பேராச்சி பதறிப்போனாள். "எழுதிராதட்டி! எழுதினா வருவானுவ. பெஞ்சு போடுவானுவ, தலைவர் படம் கட்டுவானுவ. பொறவு நாங்க எங்கன போயி ஒக்கார?"

ஆனால் சுரேந்திரன் முந்திக்கொண்டு உள்ளூர் அரசியல் தலைவருக்கு மெயில் அனுப்பியிருந்தார். மறுநாளே தலைவரின் உதவியாளர் செல்லப்பாண்டி ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

"குளுகுளு முனையம்னு பேரு வச்சாச்சு மேடம். சந்து வாயில இருபதடிக்குத் தலைவர் பேனர். பின்னால கக்கூஸ் இருக்கதே தெரியாது."

ரீனா அவரை ஒரு மணி நேரம் டீ குடிக்க அனுப்பிவிட்டு, அந்தப் பேனரையும் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்த்தாள். மேற்குக் காற்று அப்படியே நின்றது. திரையில் சந்து செக்கச்சிவந்தது.

"அண்ணே, தலைவர் நின்னா அங்க மூணு டிகிரி ஏறுது."

"யாரு, தலைவராலயா?"

"அவர் படத்தால. காத்த மறிக்குது. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதணும்."

"சின்னதா வச்சா?"

"ஒன்றரை டிகிரி."

"அப்பம் சுவத்துல ஒட்டிருவோம். காத்து போவும்லா?"

"தாராளமா போகும். ஆனா ஆம்பளைங்க கியூ நிக்கறது அந்தச் சுவரப் பார்த்துதான்."

விடிகாலையில் வாளியும் அவசரமுமாக நிற்கும் ஒவ்வொருத்தனையும் தலைவர் கைகூப்பி வரவேற்பதைச் செல்லப்பாண்டி நினைத்துப் பார்த்தார். எழுந்து, செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

குளுகுளு முனையத்தை மெயின் ரோட்டில், உச்சி வெயிலில் திறந்தார்கள். தலைவர் நாலு நிமிஷம் பேசிவிட்டு ஏசி காருக்குள் பாய்ந்தார்.

ரீனா தன் அறிக்கையில் கக்கூஸ் சுவருக்கு ஒரே வரிதான் ஒதுக்கினாள்: இங்கே எதுவும் கட்ட வேண்டாம். சனிக்கிழமை அதைச் சொல்லப் போனபோது பேராச்சி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒக்காரு. ஒன் ஆபீஸ்காரவியள மட்டும் கூட்டியாந்திராத."