றொஜிதன் நிற்கும் இடம்

டென்மார்க்கின் சில்க்போர்க் ஏரியில் மூழ்கிப்போன றொஜிதனுக்கு, பதினாறு ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டுப் படத்தில் முதல் நரை தெரிந்தது.

தமிழ் இளையோர் ஒன்றியத்தின் ஹேர்னிங் கிளை கோடை முகாம் போன இடத்தில் அவன் மூழ்கியபோது வயது பதினேழு. உடல் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு விழாவில் வழக்கம்போல் எடுத்த குழுப்படத்தைக் கழுவிப் பார்த்தால், பின்வரிசையின் இடது ஓரத்தில் ஈரத் தலையோடு நின்றிருந்தான். இதை வைத்துத் திரும்பத் தேட முடியாது என்று பொலிஸார் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு பிள்ளைகள் அந்த ஓரத்தில் ஓராளுக்கு இடம் விட்டு நிற்கப் பழகிக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் கிளையின் விழாப் படத்தில் அங்கே அவன் நின்றான்; வேறெந்தப் படத்திலும் வந்ததில்லை.

அவனுடைய தாய் ராசமலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஆண்டுக்கு ஒரு படம், அதற்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2011இல் அவன் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது. அடுத்த படத்தில் கட்டு அவிழ்ந்திருந்ததைக் காணும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. 2024இல் எலும்பும் தோலுமாய், சுவரைப் பிடித்தபடி நின்றான்.

மறு ஆண்டு ஒன்றியத்துக்கு வெள்ளிவிழா. ஹேர்னிங்கில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். நான்கு பேர்கூட இல்லாத கிளைகளை விழாவுக்கு முன்பே கலைத்துவிடும்படி தலைமையிடமிருந்து கடிதம் வந்தது. ராசமலர் வீடு வீடாக ஏறி இறங்கினார். இளசுகள் டேனிஷில் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில், அன்று றொஜிதனோடு நீந்தப் போனவளும் இப்போது கிளைத் தலைவியுமான சாரங்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னை நாலாவது ஆளாப் போடு, பிள்ளை.”

“அன்ரி, முப்பது வயசுக்குள்ளதான் சேர்க்கலாம். உங்களுக்கு அறுபத்தி நாலு.”

“உனக்கு நாப்பது. ஆர் கேட்டவை? நான் பாக்காட்டி அவனை ஆர் பாக்கிறது?”

சாரங்கா பிறந்த ஆண்டை நிரப்பாமலே படிவத்தை அனுப்பினாள்.

வெள்ளிவிழாவன்று நால்வரும் கேக் வெட்டிவிட்டு வரிசையாக நின்றார்கள். இடது ஓரத்து வெற்றிடத்துக்குப் பக்கத்தில் ராசமலர். படத்தில் றொஜிதன் கண்களை மூடி, முழுப் பாரத்தையும் அவருடைய தோளில் சாய்த்திருந்தான். அந்தத் தோள் அவருக்கு இரண்டு கிழமை நொந்தது.

“நிக்கவே ஏலாமல் போட்டுது அவனுக்கு,” என்றார்.

அடுத்த விழாவுக்கு மண்டபம் பதியும்போது சாரங்கா ஐந்து கதிரைகள் கேட்டாள். ஒன்றுக்குக் கைபிடி வேண்டும் என்று ராசமலர் சொன்னார். அதையும் எழுதினாள்.