திருட்டு டிஸ்க்

அந்தோனி அங்கிள் பதினொரு டிஸ்க்கையும் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டார். மாதா கோயில் பங்கு மண்டபத்தில், எல்லாரும் பார்க்கத்தான். மதலேனா கதவருகே நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள்.

அத்தனையிலும் இருந்தது அவள் எழுதிய புரோகிராம். கம்ப்யூட்டரில் தட்டினால் பிரிண்டரில் தமிழாக வரும். எட்டு மாதம், வேலை பார்க்கும் கப்பல் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து உண்டாக்கியது. அவள் போகும் சனிக்கிழமை கம்ப்யூட்டர் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் புரோகிராமை அதன் உள்ளேயுள்ள கட்டளை வரிகளோடு சும்மா கொடுத்துவிடுவார். மற்றவர்கள் காப்பி எடுப்பார்கள், குறை கண்டால் திருத்துவார்கள், திருத்தியதையும் சும்மாவே கொடுப்பார்கள். பங்குக்கும் அவள் அப்படித்தான் கொடுத்தாள். இரண்டு வருஷம் பாட்டுப் புத்தகமெல்லாம் அதில்தான் அச்சானது. அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

எண்பத்தேழில் சிங்கப்பூரில் காப்புரிமைச் சட்டம் வந்தது; அடுத்தவர் புரோகிராமைக் காப்பி எடுத்தால் குற்றம். பங்குப் பேரவைச் செயலாளரான அந்தோனி அங்கிளுக்குத் தூக்கம் போயிற்று. சிராங்கூன் ரோட்டில் நாலு பேர் சிரிக்கும்படி கோயில் பெயர் பேப்பரில் வந்துவிட்டால்? அந்த நேரம் பார்த்து லாசரஸ் வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் கடைக்காரன்; இரண்டு தடவை கிளப்புக்கு வந்து மதலேனாவின் டிஸ்க்கைக் காப்பி எடுத்துக்கொண்டு போனவன். இப்போது அதே புரோகிராம் பளபளக்கும் பெட்டிக்குள் இருந்தது. திரையில் அவன் பெயர். காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு வேறு.

"இதுதான் ஒரிஜினல், அங்கிள். அந்தப் பொண்ணு சும்மா கொடுக்குதுன்னா, எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிங்க லா."

பேரவை யோசித்தது. பெட்டி இருக்கிறது, விலை இருக்கிறது, ஆகவே ஒரிஜினல். சும்மா வருகிறது, ஆகவே திருட்டு. அந்த மூளையை எந்தக் கடையில் வாங்கினார்களோ! ஞாயிறு பூசை முடிவில் அந்தோனி அங்கிள் மைக்கைப் பிடித்து, "மதலேனா கொடுத்தது திருட்டுச் சரக்கு, வீட்டுல வச்சிருக்கவங்க கொண்டாந்து ஒப்படைச்சுடுங்க" என்று அறிவித்தார். வந்தவைதான் அந்தப் பதினொன்று.

அவள் கட்டம் போட்ட தாள்களைக் கொண்டுபோய் அவர் மேஜையில் பரப்பினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"பேப்பர்ல யார் வேணா புள்ளி வைக்கலாம்மா."

அதன்பிறகு பூசையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. பழகியவர்கள்கூடக் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மாதா திருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பேரவை காசு கொடுத்து வாங்கிய லாசரஸின் டிஸ்க் பூஞ்சணம் பிடித்துச் செத்தது. பூட்டு இருந்ததால் மாற்றுக் காப்பி கிடையாது. பாட்டுப் புத்தகம் பாதியில் நின்றது. அன்று மாலையே மார்சிலிங்கில் அவள் வீட்டு வாசலில் ஆரஞ்சுப் பழப் பையோடு அந்தோனி அங்கிள் நின்றார். பின்னால் பாடகர் குழுவுக்குத் தட்டச்சு செய்யும் பெட்டி என்ற பெண், தலைகுனிந்தபடி.

"லாசரஸைப் பிடிச்சு உலுக்கினேன்மா. அவன் கடையில இருந்ததும் பூஞ்சணமாம். எனக்கு உள்ள ஒண்ணும் தெரியாது, அதைச் செஞ்சதே மதலேனாதான், அவகிட்டயே கேளுங்கன்னுட்டான்."

"இப்பத் தெரிஞ்சுதா?"

"விலை சொல்லும்மா. பேரவை கொடுத்துடும்."

"விக்கறதுக்கு இல்லை. எந்த மைக்ல சொன்னீங்களோ, அதே மைக்ல மாத்திச் சொல்லுங்க. டிஸ்க் தரேன்."

"நீ திருடலைன்னு நான் நம்பறேன்மா. போதாதா?"

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க, அங்கிள்? எனக்குத்தான் தெரியுமே." ஆரஞ்சுப் பையை வாங்காமலே கதவைச் சாத்தினாள்.

ஞாயிறன்று அவர் மைக்கில் இருமினார். "நம்ம மதலேனா பெரிய மனசு பண்ணி, திருநாளுக்கு ஒரு டிஸ்க் அன்பளிப்பா..."

மதலேனா எழுந்தாள்.

"அன்பளிப்பு இல்லை, அங்கிள். என்னைத் திருடின்னு சொன்னீங்க. அதைப் பேசுங்க."

ஃபாதர் மின்விசிறியைப் பார்த்தார். அந்தோனி அங்கிள் ஃபாதரைப் பார்த்தார். உதவி எங்கிருந்தும் வரவில்லை.

"மதலேனா திருடலை. அவங்களே எழுதினது. நாங்கதான்..." அவர் திருத்திக்கொண்டார். "நான்தான் பொய் சொன்னேன்."

படியிறங்கி வந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையைக் கடந்து போய், பெட்டியிடம் டிஸ்க்கைக் கொடுத்தாள்.

"எத்தனை காப்பி வேணா எடுத்துக்க. யார் கேட்டாலும் கொடு. லாசரஸ் கேட்டாலும் கொடு. மறுபடி பூட்டுப் போட்டான்னா என்கிட்ட சொல்லு, நான் அவன் கடைக்கே போய்ப் பேசிக்கிறேன்."

"அங்கிளுக்கு?" என்றாள் பெட்டி, மெதுவாக.

"அவருக்கும்தான். சும்மாதானே கொடுக்கறேன்" என்றாள் மதலேனா, அவர் முகத்தைப் பார்த்தே.