நினைவுப் படகில் மாஸ்டர்

1

இந்தக் கதை ஒரு தப்பான கணக்கிலிருந்து பிறந்தது. கணக்குப் போட்டவன் நான். கடிதத்தில் பிழை இருந்தால் முதல் பத்தியிலேயே திருத்தம் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். (வேறெதுவும் அங்கே உருப்படியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுதுவேன்.)

இனிமேல் வைத்தியம் இல்லை என்று கைவிரிக்கப்பட்டவர்களை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் நான் கடிதம் எழுதுபவன். நன்கொடை கேட்டு ஒன்று, வந்தால் நன்றி சொல்லி ஒன்று, ஆள் போனதும் குடும்பத்துக்கு இரங்கல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மாதிரி வைத்திருக்கிறேன். இல்லத்துக்கு நிதி திரட்ட வருஷம் ஒரு தடவை ஏரியில் டிராகன் படகுப் போட்டி நடக்கும். நீளமான படகு, முனையில் பல்லைக் காட்டும் டிராகன் தலை, ஜோடி ஜோடியாக இருபது பேர் துடுப்பு, தாளத்துக்கு ஒரு மேளம். கம்பெனிகள் அணி அணியாக வரும். முடிந்ததும் மலர் வெளியிடுவார்கள். அந்த மலருக்கு "நெஞ்சைத் தொடுற மாதிரி" ஒரு கதை கேட்டார் போட்டிக் குழுவின் செயலாளர் அம்மா.

"ஒன்றரைப் பக்கம் போதும் சார். சாவு மட்டும் வேண்டாம்."

இந்த இல்லத்தைப் பற்றிய கதை. சாவு வேண்டாம். சரி.

2

முதல் தொடக்கம்: ஏரியின் நீலப் பட்டில் காலைச் சூரியன் பொன்னிழை—

(ஏரி அன்றைக்கு ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தது.)

இரண்டாவது: நம்பிக்கை என்னும் துடுப்பைக் கையிலேந்தி—

(இதைச் செயலாளர் அம்மா மேடையில் சொல்லிவிட்டார். இரண்டு தடவை.)

மூன்றாவது: ஆறாம் எண் கட்டிலில் இருந்த மாஸ்டர் சாகவில்லை.

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

3

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முப்பத்தொரு வருஷம், வண்டி பழகுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிர் வாழ்ந்தவர். ஈரலில் புற்று. இரண்டு மாதம் என்றார் டாக்டர்.

போட்டிக்கு நாலு மாதம் இருந்தது. ஒவ்வொரு படகும் மறைந்த ஒருவர் நினைவாக ஓட வேண்டும் என்பது செயலாளர் அம்மாவின் யோசனை. படகில் மாட்டும் பெயர்ப் பலகையும் டீ ஷர்ட்டும் முன்கூட்டியே அச்சுக்குப் போயாக வேண்டும். மாஸ்டரின் ஒரே மகன் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி, கம்பெனி அணியில் முதல் வரிசைத் துடுப்பு. அப்பா நினைவாகப் படகு விடுவதாக அவரே எழுதிக் கொடுத்தார். நான் ஒழுங்கான ஆள். தேதியை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்தேன். தாராளமாக இடைவெளி இருந்தது. "மறைந்த மாஸ்டர் நினைவாக" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மாஸ்டர் ஒத்துழைக்கவில்லை.

4

டீ ஷர்ட் பெட்டிகள் வந்தபோது வைக்க இடமில்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பெட்டியை ஆறாம் எண் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.*

"தம்பி, கொஞ்சம் வாங்க."

போனேன். மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஷர்ட்டை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"நான் எப்ப போனேன்?"

"அது… அச்சுப் பிழைங்க மாஸ்டர்."

"எழுத்தெல்லாம் சரியாத்தானே இருக்கு? ஆளுதான் பிழை."

ஊசி போட வந்த நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"மன்னிச்சிடுங்க. நாந்தான் எழுதினேன்."

"சிக்னல் விழறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டீங்க. டெஸ்ட்ல இப்படிப் பண்ணா ஃபெயில்." ஷர்ட்டை மடித்தார். ஓரம் சேர்த்து, மெதுவாக. "எம் பையன் இதுக்கு எத்தனை நாள் பழகுறான்?"

"வாரத்துல நாலு சாயங்காலம்."

"எங்க?"

நான் கையைக் காட்டினேன். ஜன்னல் வழியாகவே ஏரி தெரிந்தது.

"ரெண்டு மாசமா இங்க எட்டிப் பாக்கல. அப்பா நினைவா அவ்வளவு பிஸி." ஏரிப்பக்கம் திரும்பினார். "ஆமா, மேளம் அடிக்கிறவன் எந்தப் பக்கம் பாத்து உக்காருவான்?"

"துடுப்புப் போடறவங்களப் பாத்துத்தான். முதுகுதான் முன்னாடி போகும்."

"முதல் வரிசை எவ்வளவு தூரம்?"

"கைய நீட்டினா எட்டும்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"மூணு நிமிஷம்."

"மேளத்தை நான் அடிக்கிறேன்னு எழுதுங்க. மூணு நிமிஷம் அவன் எங்க ஓடுவான்னு பாக்கறேன்."

* புண்ணியவான் நான்தான். அடுத்த பதிப்பில் வேறு யாராவது ஆக்கிவிடலாம்.

5

"நினைவுப் படகுல அவரே வந்து உக்காந்தா ஜனங்க குழம்பிட மாட்டாங்களா சார்?" என்றார் செயலாளர் அம்மா. "அவர் மனசு நோகாம வேண்டாம்னு ஒரு லெட்டர் போட்டுடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

உட்கார்ந்தேன்.

பொருள்: தாங்கள் உயிருடன் இருப்பது தொடர்பாக.

ஐயா, தங்கள் நினைவாக நடைபெறும் நிகழ்வில் தாங்களே கலந்துகொள்வது நிகழ்வின் மாண்புக்கு—

என் வேலைக் காலத்தில் பாதியில் நின்ற ஒரே கடிதம் இது. கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன், டாக்டரிடம் அனுமதி கேட்டு. கீழே 'நகல்: பத்திரிகைகளுக்கு' என்று சேர்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நகலின் சக்தியைப் பற்றித் தனிப் பாடமே உண்டு. மறுநாள் பத்திரிகையிலிருந்து போன் வந்ததும் செயலாளர் அம்மா, "இது என்னோட ரொம்ப நாள் கனவு" என்றார். பலகையில் 'மறைந்த' என்ற சொல்லின் மேல் கறுப்பு டேப் ஒட்டினோம்.

6

மகனைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அவரைக் கெட்டவராக்கிவிட்டால் எழுதுவது சுலபம். ஆனால் வாராவாரம் எங்கள் இல்ல அலுவலகத்துக்குப் போன் செய்து, "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டவர் அவர். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

படகுத்துறையில் அவர் அப்பாவுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். கண் கொக்கியில் இருந்தது.

"உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்? வெயில் வேற."

"என் நினைவாத்தானே ஓட்டற? நேர்லயே வந்துட்டா உனக்கு நினைக்கிற சிரமம் இல்ல."

"அப்பா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க."

"நீ பாக்கலையே." பிறகு குரல் இறங்கியது. "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. ரோட்டப் பாரு, என்னைப் பாக்காதேன்னு நாந்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நல்லாத்தான் கத்துக்கிட்ட."

மகன் கொக்கி மாட்டியபிறகும் கையை எடுக்காமல் நின்றார்.

7

நான் முடிவுக் கோட்டில் நின்றிருந்தேன். (கதாசிரியன் நிற்கக்கூடாத இடம் என்று பிறகுதான் புரிந்தது.)

ஐந்து படகுகள் கிளம்பின. மாஸ்டரின் மேளம் முதலில் சீராகத்தான் கேட்டது. பாதித் தூரத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி நீண்டது. தாளத்தை மீறித் துடுப்புப் போட்டால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இருபது பேரும் துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள். மற்றப் படகுகள் தாண்டிப் போயின. பின்னால் சுக்கான் பிடித்தவர், "வேகமா மாஸ்டர், வேகமா!" என்று கத்தினார்.

"ஐயோ, பெரியவருக்கு முடியல போல" என்றார் செயலாளர் அம்மா. "போட்டோ எடுத்தாச்சா?"

மேளம் ஓர் அடி. நெடுநேரம் எதுவும் இல்லை. இன்னோர் அடி. மூன்று நிமிஷம் ஏழானது.

மகன் நிமிர்ந்து பார்த்தாரா? எனக்குத் தெரியாது. படகு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்ட ஒரு முதுகு. அது மகனின் முகத்தைச் சரியாக மறைத்தது.

கரையேறியபோது கேட்டேன். "என்னாச்சு மாஸ்டர், முடியலையா?"

மூச்சு வாங்க அவர் சொன்னது: "பிரேக் நல்லா வேலை செய்யுது தம்பி."

8

மலருக்கு ஒரு முடிவு எழுதினேன். அப்பாவும் மகனும் கட்டிப்பிடித்து, பின்னால் ஏரி தகதகவென்று— செயலாளர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதனாலேயே அதை எடுத்துவிட்டேன்.

இன்னொன்று எழுதினேன். அதில் மகன் ஏழு நிமிஷமும் குனிந்து துடுப்பையே பார்க்கிறார். அதைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் எடுத்துவிட்டேன்.

மாஸ்டர் இப்போது இருக்கிறாரா என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷப் பலகைக்குப் பெயர்ப் பட்டியல் கேட்டு மூன்று நினைவூட்டல் வந்திருக்கிறது; பதில் போடவில்லை. தேதி பார்த்துச் சொல்லும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

மகனின் முகம் முழுதாகத் தெரிகிற இடம் படகில் ஒன்றுதான் இருந்தது, மேளக்காரர் ஸ்டூல். இந்தப் பக்கத்தில் அதை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். ஏறி உட்காருங்கள். எதிரே, கை எட்டும் தூரத்தில், குனிந்த தலை ஒன்று இருக்கிறது. யார் கத்தினாலும் மெதுவாகவே அடியுங்கள். அந்தத் தலை நிமிர்ந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

பொருள் என்ற இடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம்.