ஞாயிற்றுக்கிழமை கிளம்பியவர்

1979 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை மதியம், சேவூரில் ரேணுகாம்பாள் வீட்டுக்குத் தந்தி வந்தது. தந்திக்காரரைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தில் தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அவள் புருஷன் தருமன், பம்பாயில் ஒரு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பூங்காவனத்திடம் ஓடினாள். பூங்காவனம் ஆரணியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவள். அந்தத் தெருவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

"அந்த எக்ஸ்பயர்டுன்ற வார்த்தை இருக்குதா, அத்த மட்டும் மொதல்ல பாரு" என்றாள் ரேணுகாம்பாள். எழுத்துத் தெரியாதவர்களும் பயப்படுகிற வார்த்தை அது.

இல்லை. பூங்காவனத்துக்கு மூச்சு வந்தது. தருமன் லெஃப்ட் அஸ் சண்டே, லெட்டர் ஃபாலோஸ். அவ்வளவுதான் இருந்தது. அனுப்பியவன் தருமனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மலையாளி. லெஃப்ட் என்ற இடத்தில் அவள் ஒரு கணம் நின்றாள். ரேணுகாம்பாளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமயே கிளம்பிட்டாருக்கா. வந்துகினு இருக்காரு. பின்னால கடுதாசியும் வருதாம்."

கடுதாசி எதற்கு என்று ரேணுகாம்பாள் கேட்கவே இல்லை. அரக்கோணத்தில் இறங்கி, வேலூர் வந்து பஸ் பிடித்தால் செவ்வாய்க்கிழமை வந்துவிடலாம் என்று தெருவே கணக்குப் போட்டது. அவள் தறியைவிட்டு எழுந்து வீட்டை மெழுகினாள். பிள்ளைகள் இரண்டுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை முழுக்க ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றாள்.

புதன்கிழமையும் நின்றாள். வியாழக்கிழமை கண்ணமங்கலம் வரை போய், வேலூரிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் பார்த்தாள். வழியில் யாராவது சிநேகிதக்காரரைப் பார்த்திருப்பார் என்று அவளே எல்லோருக்கும் சமாதானம் சொன்னாள். பூங்காவனத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கடிதம் வந்தது. பூங்காவனம் நின்றுகொண்டே படித்தாள்.

நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆஸ்பத்திரியில் தருமன் இறந்துபோயிருந்தான். பதில் தந்தி வரும், இல்லையென்றால் யாராவது கிளம்பி வருவார்கள் என்று புதன்கிழமை காலை வரை உடலை வைத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அறையில் இருந்தவர்களே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். குடும்பத்தாருக்கு அந்தக் கொடிய வார்த்தையை எழுத மனம் வராமல்தான் தந்தியில் அப்படி எழுதினேன் என்று அந்த மலையாளி சொல்லியிருந்தான்.

பூங்காவனம் எதையும் மறைக்காமல் சொன்னாள். ரேணுகாம்பாள் கேட்டுக்கொண்டே தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் அலறல் வந்தது. தருமனின் அம்மா விருத்தாம்பாள் பூங்காவனத்தின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

காரியம் முடிந்து பத்து நாள் கழித்து, ரேணுகாம்பாள் தந்தியோடு பூங்காவனத்தைத் தேடி வந்தாள். அதில் எது அந்த வார்த்தை என்று கேட்டாள். பூங்காவனம் தொட்டுக் காட்டினாள்.

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

இன்ஸ்டிடியூட்டிலிருந்த டிக்ஷனரியைப் பூங்காவனம் அதற்குள் பத்து முறை புரட்டியிருந்தாள். இடது பக்கம் என்றும் அர்த்தம், மிச்சமானது என்றும் அர்த்தம், கிளம்பினது, விட்டுவிட்டுப் போனது எல்லாமே அதுதான் என்றாள்.

"இவ்ளோ இருக்குதுன்னு அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ரேணுகாம்பாள் நம்பியிருப்பாள்.

"தெரியும்கா. படிக்கறப்பவே ஒரு மாதிரி இருந்தது. ஒன் மூஞ்சப் பாத்தேன். நல்லதா ஒண்ணு எடுத்துச் சொல்லிட்டேன்."

ரேணுகாம்பாள் திட்டவில்லை, அழவும் இல்லை.

"போயிருந்தா மொகத்தப் பாத்திருப்பேன்" என்றாள்.

தந்தியை அவள் கையிலேயே விட்டுவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.